இடி இல்லாத மழையும் பருவக்காற்றும்: மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாழ்த்திவிட்ட ஒரு காலநிலை மாதிரி குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோவை, திருப்பூர் மாவட்டங்களில் மானாவாரி நிலம் வைத்திருக்கும் உழவர் உற்பத்தியாளர் குழு ஒன்று, வரும் இருபது முப்பது ஆண்டுகளில் தங்கள் பகுதியின் மழை எந்தப் போக்கில் செல்லக்கூடும் என்று ஒரு பல்கலைக்கழகத்தின் காலநிலை ஆய்வுக் குழுவிடம் கேட்டிருந்தது. எந்தப் பட்டத்தை நம்பி விதைப்பது, பண்ணைக்குட்டைகளை எந்த அளவில் வெட்டுவது என்ற இரண்டு முடிவுகள் அந்தப் பதிலுக்காகக் காத்திருந்தன. வேலையை ஓர் ஆய்வு மாணவி ஏற்றுக்கொண்டார். அவருடைய நெறியாளரும், பணி ஓய்வு பெற்ற வானிலை ஆய்வாளர் ஒருவரும் துணை நின்றனர்.

மாணவியின் கையில் இருந்தது உலகம் முழுவதற்குமான காலநிலை மாதிரி (வளிமண்டலத்தின் போக்கைக் கணினியில் கணக்கிடும் நிரல்) ஒன்றின் வெளியீடு. அந்த மாதிரி புவிப்பரப்பை ஏறக்குறைய 200 கிலோமீட்டர் பக்கமுள்ள கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே உயரம், ஒரே மழை, ஒரே காற்று என்று கணக்கிடுவது. மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 1,600 கிலோமீட்டர் நீளமுடையது. ஆனைமுடியில் 2,695 மீட்டர் வரை உயர்வது. ஆனால் அதன் அகலம் பல இடங்களில் சில பத்துக் கிலோமீட்டர்களுக்குள் அடங்கிவிடுகிறது. இவ்வளவு ஒடுங்கிய மலையை 200 கிலோமீட்டர் கட்டத்தில் சராசரியாக்கும்போது, செங்குத்தாக எழும் மேற்குச் சரிவு மறைந்து, அரபிக்கடலிலிருந்து காவிரிச் சமவெளி வரை மெல்ல ஏறி இறங்கும் ஒரு மேடு மட்டுமே எஞ்சுகிறது. பாலக்காட்டுக் கணவாயின் சுவடுகூட அதில் கிடையாது.

முதல் வெளியீட்டின்படி, கொங்குச் சமவெளியில் ஆடி மாத மழை மேற்குக் கடற்கரை மழைக்கு அதிகம் பின்தங்காத அளவில் பெய்துகொண்டிருந்தது. உழவர்களுடன் நடந்த முதல் கூட்டத்தில் இந்த வரைபடத்தைக் காட்டியபோது, குழுவின் செயலாளர் சற்று நேரம் அதையே பார்த்துவிட்டு, "ஆடில எங்கூர்ல காத்துதானுங்க, மழை எங்கீங்க வருது?" என்று கேட்டார். பல்லடத்திலும் உடுமலையிலும் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பது எதனால் என்று அறிந்த எவரும் கேட்கக்கூடிய கேள்விதான் அது. ஆடிப்பட்டம் தேடி விதை என்ற சொல் பாசன வசதியும் முந்தைய மழையின் ஈரமும் உள்ள நிலத்துக்குச் சரியாக இருக்கலாம். மலைக்குக் கிழக்கே, மழை மறைவில் கிடக்கும் மானாவாரிக் காட்டில் ஆடி என்பது கணவாய் வழியே வரும் காற்றும், அதோடு எப்போதாவது சிதறும் சாரலும்தான்.

கவனிக்கப்பட்டவை

மாதிரியின் மழையை நிலத்தில் அளந்த மழையோடு ஒப்பிடுவது அடுத்த வேலையாயிற்று. வால்பாறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்று தன் மழைப்பதிவேடுகளைப் பார்க்க அனுமதித்தது. ஓரங்கள் பொடிந்த நீளமான ஏடுகள் அவை. காலை 8.30 மணிக்கு மழைமானியில் அளந்த அளவு நாள்தோறும் ஒரு வரியாக எழுதப்பட்டு, மழையில்லாத நாளுக்குக் கோடு மட்டும் இழுக்கப்பட்டிருந்தது. மார்ச் மாதப் பக்கத்தில் கோடுகளே நிறைந்திருக்க, ஜூலைப் பக்கத்தில் ஒரு கோட்டைக் கண்டுபிடிக்கத் தேட வேண்டியிருந்தது. அதே வட்டாரத்தில் உள்ள சின்னக்கல்லாறு ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் இடம். மலையிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கீழே இறங்கி, கோவைச் சமவெளிக்கு வந்தால் ஆண்டு மழை 600, 700 மில்லிமீட்டர் அளவில் நின்றுவிடுகிறது; அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வருவது. வடக்கே மகாபலேசுவரத்தில் 5,000 மில்லிமீட்டரைத் தாண்டும் மழை, மலைக்கு அப்பால் உள்ள புனேயில் 700 அளவுக்குச் சுருங்குவதும் இதே கதைதான். இந்த வேறுபாடு முழுவதும் மாதிரியின் ஒரே ஒரு கட்டத்துக்குள் அடங்கிப் போயிருந்தது.

1997 முதல் 2015 வரை இயங்கி மழையை அளந்த ட்ரிம் செயற்கைக்கோளின் ரேடார் பதிவுகள் இதையே வானிலிருந்து காட்டின. கொங்கணத்திலிருந்து கேரளம் வரை, கரைக்குச் சற்று முன்னரே கடல்மேல் தொடங்கி மேற்குச் சரிவோடு முடிந்துவிடும் ஒடுங்கிய மழைப்பட்டை ஒன்று அவற்றில் தெளிவாகத் தெரிந்தது. மியான்மரின் அரக்கான் யோமா மலைத்தொடரின் மேற்கிலும் அப்படியே ஒரு பட்டை இருந்தது. அங்கே கடற்கரையில் உள்ள சிட்வே ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெற, மலைக்குக் கிழக்கே உள்ள மண்டலே 1,000 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. மாதிரியிலோ இரண்டு பட்டைகளும் கரைந்து, நடுக்கடலிலும் சமவெளியிலும் பரவிக் கிடந்தன.

மாணவி குறித்து வைத்த இன்னொரு பிழை, அப்போதைக்கு இதனோடு தொடர்பற்றதாகத் தோன்றியது. தென்மேற்குப் பருவக் காலத்தில் சோமாலியக் கரையோரம் எழுந்து, சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் அரபிக்கடலைக் கடந்து வரும் தாழ்நிலை ஜெட் காற்று (ஒடுங்கிய, வேகமான காற்றோட்டம்) மாதிரியில் தளர்ந்து அகன்றிருந்தது. வங்கக்கடலின் மேல் வீசும் தென்மேற்குக் காற்றும் வலுவிழந்திருந்தது. கடற்பரப்புக் காற்றை அளந்த குவிக்ஸ்காட் செயற்கைக்கோளின் பதிவுகளோடு இது ஒத்துப்போகவில்லை. மழைப்பிழை ஒன்று, காற்றுப்பிழை ஒன்று என்று இரண்டு தனித்தனிப் பட்டியல்கள் எழுதப்பட்டன.

முதல் முடிவு: எண்களை மட்டும் திருத்துவதில்லை

இத்தகைய பிழைகளுக்கு வழக்கமாகக் கையாளப்படும் வழி எளிது. கடந்த முப்பது ஆண்டுகளின் அளவிட்ட மழைக்கும் மாதிரி மழைக்கும் உள்ள விகிதத்தைக் கண்டு, வருங்கால மழையையும் அதே விகிதத்தால் குறைத்துவிடுவார்கள். சில நாட்களில் முடியக்கூடிய வேலை. காத்திருந்த உழவர்களுக்கும் விரைவில் ஓர் எண் கிடைத்திருக்கும். நெறியாளர் இதை ஏற்கவில்லை. அவருடைய மறுப்புதான் இந்த ஆய்வின் போக்கை மாற்றியது என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒரு கிலோகிராம் நீராவி குளிர்ந்து நீராகும்போது ஏறக்குறைய 25 லட்சம் ஜூல் உள்ளுறை வெப்பம் காற்றில் வெளியாகிறது. ஒரு நாளில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்வதென்பது, அந்த இடத்தின் வளிமண்டலத்தைச் சதுர மீட்டருக்கு 29 வாட் வீதம் நாள் முழுவதும் சூடாக்குவதற்குச் சமம். பருவக் காலத்தில் மேற்குச் சரிவில் நாளொன்றுக்கு 30 மில்லிமீட்டர் என்பது வியப்புக்குரிய அளவன்று. அதன் வெப்பம் 870 வாட்டை எட்டும். புவி முழுவதும் சராசரியாக உட்கொள்ளும் சூரிய ஆற்றலே சதுர மீட்டருக்கு 240 வாட் அளவில்தான் இருக்கிறது. (2019 ஆகஸ்ட் 8 காலை வரையான 24 மணி நேரத்தில் நீலகிரியின் அவலாஞ்சியில் 820 மில்லிமீட்டர் பதிவானதே, அந்த மழையை இதே கணக்கில் போட்டால் 23,000 வாட்டைத் தாண்டும். ஒரே ஒரு சரிவில் ஒரே ஒரு நாள் நிகழ்ந்தது என்றாலும் அளவை உணர்த்தப் போதுமானது.)

ஆகவே மலைமேல் பெய்யும் மழையைக் காற்று கொண்டுவந்து கொட்டிய சரக்காக மட்டும் பார்க்க முடியாது. மலையோரமாக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு மூட்டிய அடுப்பு அது. அந்த வெப்பத்தால் காற்று மேலெழ, கீழே அழுத்தம் குறைகிறது. நிலநடுக்கோட்டிலிருந்து விலகிய அகலாங்கில் இப்படி ஓரிடம் சூடேறினால், ராஸ்பி அலைகளின் (புவி சுழல்வதால் வளிமண்டலத்தில் எழும் மிகப் பெரிய அலைகள்) வழியாக அதன் மேற்கிலும் வடமேற்கிலும் தாழ்நிலையில் இடஞ்சுழியான காற்றுச்சுற்று உருவாவதும், அந்தச் சுற்றின் தென்பகுதியில் மேற்குக் காற்று வலுப்பெறுவதும் வெப்பமண்டல வானிலையியலில் நன்கு நிறுவப்பட்ட முடிவுகள். அதாவது மலைக்கு மழை கொண்டுவரும் காற்றை அந்த மழையே மீண்டும் இழுத்துக்கொள்கிறது. இது உண்மையானால், மாணவி எழுதிய இரண்டு பட்டியல்களும் ஒரே பட்டியல்தான். வெப்பம் தவறான இடத்தில் வெளியாவதால் காற்று தளர்கிறது. காற்று தளர்வதால் மழை மேலும் இடம் மாறுகிறது. மழை எண்ணை மட்டும் பெருக்கித் திருத்தினால், தாளில் கொங்கு நாடு வறண்டுவிடும். மாதிரியின் வளிமண்டலத்திலோ வெப்பம் அதே தவறான இடத்திலேயே இருக்கும்.

நுண்ணிய வட்டார மாதிரி ஒன்றை நேரடியாக இயக்கிவிடலாமே என்ற யோசனையும் எழுந்தது. வட்டார மாதிரி தன் எல்லைகளில் நுழையும் காற்றை உலக மாதிரியிடமிருந்தே கடன் வாங்குகிறது. சரியாக வரைந்த மலையின்மேல் தவறான காற்றை மோதவிட்டால் கிடைப்பது மிகத் துல்லியமான தவறு. எனவே உலக மாதிரியிலேயே மலைமழையைச் சீராக்கிப் பார்ப்பது என்று தீர்மானிக்கப்பட்டது.

சோதனைகளும் அவற்றின் காரணங்களும்

மாதிரியின் சற்று நுண்ணிய பதிப்பு, சுமார் 50 கிலோமீட்டர் கட்டத்தில், தேர்ந்தெடுக்கப்பட்டது. கணினி நேரம் குறைவாகவே கிடைத்ததால், பல பத்தாண்டுகளுக்குப் பதிலாகச் சில பருவங்களை மட்டும் இயக்குவது என்று ஒப்புக்கொண்டார்கள்.

முதலில் மேற்குத் தொடர்ச்சி மலையை மாதிரியிலிருந்து அறவே நீக்கினார்கள். எதிர்பார்த்தபடியே கரையோர மழை சரிந்தது, ஈரம் தடையின்றித் தீபகற்பத்தின் உள்ளே புகுந்தது, கொங்கு மேலும் நனைந்தது. இதிலிருந்து புதிதாக ஒன்றும் தெரியவில்லை என்றாலும், பிழையின் திசை மலையின் திசைதான் என்பது உறுதியாயிற்று.

அடுத்து, கட்டத்துக்குள் அடங்கிய சிகரங்களின் உயரத்துக்கு மலையை உயர்த்திப் பார்த்தார்கள். 1980களில் சில வானிலை மையங்கள் கையாண்ட உத்திதான் இது. மலை உயர்ந்ததும் மழை கூடியது. ஆனால் 50 கிலோமீட்டர் அகலச் சுவர் காற்றை அளவுக்கு மீறித் தடுத்து, மழையின் பெரும்பகுதியைக் கடல்மேலேயே பெய்ய வைத்தது. உண்மையான மலையில் கணவாய்களும் பள்ளத்தாக்குகளும் உண்டு. அவை இல்லாத சுவர் மலைக்கு ஈடாகாது என்று அந்த வழியைக் கைவிட்டார்கள்.

மூன்றாவது வழி மலையைத் தொடாமல் வெப்பத்தைத் தொடுவது. செயற்கைக்கோள் காட்டிய மழைப்பட்டை நெடுக, அந்த மழைக்குரிய உள்ளுறை வெப்பத்தை மாதிரிக்குள் சேர்த்து, அதே அளவு வெப்பத்தை மாதிரி தவறாக மழை பெய்வித்த அண்டைக் கட்டங்களிலிருந்து கழித்தார்கள். மொத்த வெப்பம் மாறாமல் இடம் மட்டும் மாற வேண்டும் என்பதில் நெறியாளர் கண்டிப்பாக இருந்தார். கூடுதல் வெப்பம் சேர்த்தால் காற்று வலுப்பதில் வியப்பில்லை. இடமாற்றம் ஒன்றே என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி.

இமயத்தையும் திபெத் பீடபூமியையும் கூட மாற்றிப் பார்க்கலாம் என்று மாணவி விரும்பினார். வில்லியம் பூஸ், ஜிமிங் குவாங் இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு, பீடபூமியை நீக்கி இமயத் தொடரை மட்டும் ஒரு வேலியாக விட்டாலும் தெற்காசியப் பருவக்காற்று பெரிதும் குலைவதில்லை என்று காட்டியது. வடக்கின் குளிர்ந்த வறண்ட காற்று தெற்கின் வெதுவெதுப்பான ஈரக்காற்றோடு கலக்காமல் தடுப்பதே அங்கு முதன்மை என்பது அவர்கள் வாதம். சரிவுகள் காற்றைச் சூடாக்குவதே முதன்மை என்று சீன ஆய்வாளர்கள் மறுத்தார்கள். சுவையான விவாதம்தான். ஆனால் பல்லடத்து உழவர் கேட்ட கேள்விக்கு அது நேராகப் பதில் சொல்லாது என்பதால் ஒதுக்கி வைக்கப்பட்டது.

வெப்பத்தின் உயரம்

இந்த மூன்றாம் சோதனையின் முதல் சுற்று மோசமாக முடிந்தது. கரையோர மழை சரியான இடத்துக்கு வந்தது. அரபிக்கடல் காற்றில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. மாறாக, மேல்வளிமண்டலத்தில் காற்று பலமாக விரிந்து வெளியேறி, அப்படி வெளியேறிய காற்று தீபகற்பம் முழுவதும் கீழிறங்கியதால் நடு இந்தியாவே வறண்டது. சேர்த்த வெப்பத்தை உயரவாரியாக எப்படிப் பகிர்வது என்று தெரிந்தெடுக்கும்போது, வெப்பமண்டலப் பெருமேகங்களுக்கு வழக்கமாகக் கொள்ளும் பகிர்வை மாணவி எடுத்திருந்தார். அதில் வெப்பம் உச்சம் தொடுவது ஏழு கிலோமீட்டர் உயரத்தை ஒட்டி.

வரைபடங்களைப் பார்த்த ஓய்வுபெற்ற வானிலை ஆய்வாளர் கேட்டது ஒரே கேள்வி: "ஆனி, ஆடில வால்பாறைல இடிச் சத்தம் கேட்டிருக்கியாம்மா?" மாணவி யோசித்துவிட்டு, "இல்லைங்க ஐயா" என்றார். மலையில் வாழ்பவர்கள் நன்கறிந்த செய்தி இது. இடி மின்னலோடு கொட்டுவது சித்திரை, வைகாசியிலும் ஐப்பசியிலும். தென்மேற்குப் பருவத்தின் நடுவில் அங்கே மழை நாட்கணக்கில் விடாமல் பெய்யும். தகரக் கூரைமேல் ஒரே சீரான இரைச்சல் இருக்கும். வானம் முழங்குவது அரிது. இடிக்கு மேகம் நீர் உறையும் உயரத்துக்கு மேல் வெகுதூரம் வளர்ந்து, உள்ளே பனித்துகள்கள் மோத வேண்டும். மேற்குச் சரிவின் ஆடி மேகங்கள் அவ்வளவு உயர்வதில்லை. காற்று மலையில் ஏறும் வேகத்திலேயே தாழ்வான மேகங்களிலிருந்து பெருமழை பிழிந்தெடுக்கப்படுகிறது. ட்ரிம் ரேடாரின் உயரப் பதிவுகளை மீண்டும் எடுத்துப் பார்த்தபோது, மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மேகங்கள் வங்கக்கடலின் வடபகுதி மேகங்களைவிடக் குட்டையானவை என்பது அவற்றிலும் இருந்தது.

வெப்பம் எந்த உயரத்தில் உச்சமடைகிறதோ, அதற்குக் கீழேதான் காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. ஏழு கிலோமீட்டரில் உச்சம் என்றால் அந்த இழுப்பு ஏழு கிலோமீட்டர் தடிமனில் பரவி நீர்த்துப்போகும். மூன்று கிலோமீட்டருக்குக் கீழே உச்சம் என்றால், ஈரம் மிகுந்த அடியடுக்கிலேயே முழு இழுப்பும் விழும். வெப்பத்தின் அளவையும் இடத்தையும் மாற்றாமல் உயரத்தை மட்டும் தாழ்த்தி மறுபடியும் இயக்கினார்கள்.

பின்னர் நடந்தவை

இந்த முறை மேற்குக் கரையை ஒட்டி, கேரளம் முதல் கொங்கணம் வரை, பருவக் கால வானிலை அறிக்கைகளில் அடிக்கடி காணும் கடலோரத் தாழ்வழுத்தப் பள்ளம் (அழுத்தம் குறைந்த நீள்பட்டை) மாதிரியில் தானாகவே தோன்றியது. அதன் தெற்கில் மேற்குக் காற்று இறுகி, அரபிக்கடலின் ஜெட் குவிக்ஸ்காட் காட்டிய வடிவத்தை நெருங்கியது. மலைக்குக் கிழக்கே காற்று கீழிறங்கி வெப்பமுற்று, கொங்குச் சமவெளியின் ஆடி மழை குறைந்தது. மழை எண்களை யாரும் பெருக்கவில்லை, கழிக்கவும் இல்லை.

வங்கக்கடல் காற்று அப்போதும் திருந்தவில்லை. அரக்கான் பட்டைக்கும் அதே இடமாற்றத்தைச் செய்தபோதுதான் அது அசைந்தது. அங்கே மேகங்கள் உயரமானவை என்பதால் ஆழமான வெப்பப் பகிர்வையே கொடுத்தார்கள். ஒடுங்கிய மலைகள் ஓரிடத்தில் கட்டிவைக்கும் மழையின் விளைவு அந்த மலைகளுக்கு வெகுதூரத்துக்கு அப்பாலும் செல்கிறது என்று ஷாங்-பிங் ஷீயும் உடன் ஆய்வாளர்களும் ட்ரிம், குவிக்ஸ்காட் பதிவுகளைக் கொண்டு 2006இல் எழுதியிருந்தார்கள். மாணவியின் முடிவு அதனோடு ஒத்துப்போனது. இரண்டு மலைகளுக்கு இரண்டு விதமான உயரப் பகிர்வு வேண்டும் என்பதுதான் இந்தக் குழுவுக்கு இதில் கிடைத்த கூடுதல் தெளிவு என்று எனக்குத் தோன்றுகிறது.

பாலக்காட்டுக் கணவாய் மட்டும் பிடிபடவில்லை. ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலமுள்ள வாயிலை 50 கிலோமீட்டர் கட்டம் காணாது. எனவே திருத்திய உலக மாதிரியின் காற்றை எல்லையாக வைத்து, சில கிலோமீட்டர் கட்டமுள்ள வட்டார மாதிரியைக் கொங்குப் பகுதிக்கு மட்டும் இறுதியில் இயக்கினார்கள். கணவாய் வழியே பீறிடும் காற்றும், அதன் வாயிலிலிருந்து கிழக்கே போகப்போகத் தேய்ந்துவிடும் சாரலும் அப்போதுதான் வரைபடத்தில் வந்தன.

அறிக்கை மலைக்கும் சமவெளிக்கும் தனித்தனியாக எழுதப்பட்டது. குந்தா, பவானி வழியாகப் பவானிசாகருக்கு வரும் நீர் மலைமழையைச் சார்ந்தது. அது கூடக்கூடிய ஆண்டிலும் மானாவாரிக் காடு காய்ந்தே கிடக்கலாம். காற்று ஒரு பாகை வெப்பமடைந்தால் அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 விழுக்காடு கூடுகிறது. அந்தக் கூடுதல் ஈரம் மேற்குச் சரிவில் இறங்குமா, மலையைத் தாண்டுமா என்பதை, மோதும் காற்றின் வேகமும் திசையும் தீர்மானிக்கும். பழைய விகிதத்தால் வருங்கால மழையைப் பெருக்கும் முறை இங்கே உதவாது என்பதை அறிக்கை வெளிப்படையாகச் சொன்னது. உழவர் குழு ஆடி மழையை எதிர்பார்த்துத் திட்டமிடுவதை விட்டு, மானாவாரிச் சோளத்தையும் கொண்டைக்கடலையையும் புரட்டாசி, ஐப்பசியை ஒட்டியே வைத்துக்கொள்வதென்றும், பண்ணைக்குட்டைகளை வடகிழக்குப் பருவமழையின் அளவுக்கு வெட்டுவதென்றும் முடிவு செய்தது. செயலாளருக்கு இதில் வியப்பேதும் இல்லை. குட்டையின் ஆழத்துக்கு ஒரு கணக்குக் கிடைத்ததுதான் அவருக்குப் புதிது.

மாற்ற வேண்டியவை

அடுத்த முறை மழைப்பிழையையும் காற்றுப்பிழையையும் தொடக்கத்திலேயே ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்ப்பது என்று குழு எழுதி வைத்திருக்கிறது. வெப்பத்தின் உயரப் பகிர்வை மாதிரியின் வழக்கப்படி விடாமல், ரேடார் பதிவையும் மின்னல் பதிவையும் கொண்டு ஒவ்வொரு மலைக்கும் தனியாகத் தேர வேண்டும் என்பது இரண்டாவது. மின்னல் பதிவு எளிதில் கிடைப்பது. மேகத்தின் ஆழத்தைக் காட்ட அதுவே பெரிதும் போதும்.

மூன்றாவது குறை அளவீட்டில் இருக்கிறது. மேற்குச் சரிவிலும் உச்சியிலும் தோட்டங்களின் தயவால் நீண்ட பதிவுகள் உள்ளன. சமவெளி நகரங்களிலும் மழைமானிகள் உள்ளன. இரண்டுக்கும் நடுவே, மழை செங்குத்தாகக் குறையும் கிழக்குச் சரிவில் அளப்பவர்கள் மிகக் குறைவு. ஆனைமலை, பொள்ளாச்சி, கிணத்துக்கடவு, பல்லடம் என்று கணவாயின் வாயிலிலிருந்து வடகிழக்கு நோக்கிய வரிசையில், உறுப்பினர்களின் தோட்டங்களில் மழைமானிகள் வைத்துக் காலை 8.30 மணிக்கு அளந்து எழுத உழவர் குழு ஒப்புக்கொண்டுள்ளது. மரத்தடியிலும் கட்டட நிழலிலும் வைக்கக் கூடாது என்பதால் முதலில் தேர்ந்த இடங்களில் சில மாற்றப்பட்டன. வட்டார மாதிரி காட்டும் சாரலின் தேய்வு சரிதானா என்று வரும் ஆடியில் இந்த வரிசையைக் கொண்டுதான் சோதிக்கப் போகிறார்கள்.